பதினேழாம் நம்பரின் இடது கால்

“எவனோ எறியிறான், எவனோ புடிக்கிறான், நடுவுல நம்ம வீட்டுக் கொழம்பு ஏன்டி தீயணும்?”

கேட்டது என் வீட்டுக்காரர் அருள். கையில் கரிந்த சட்டி. நியாயமான கேள்விதான், ஆனால் கேட்ட நேரம் சரியில்லை. திரையில் இருபது சொச்சம் வயதுப் பையன் ஒருவன் சாய்ந்துகொண்டிருக்கிறான். முட்டைகோஸ் லாரி பிரேக் பிடிக்காமல் இறங்குவதுபோல இரண்டு பேர் அவன்மேல் இறங்குகிறார்கள். பந்து இன்னும் அவன் கையில். இந்த நிலையில் சட்டியைப் பற்றி எந்த மனுஷி பேசுவாள்?

அடுத்த வீட்டுப் பிள்ளையைக் குறை சொல்லச் சம்பளம் தருகிற தொழில் உலகத்தில் இரண்டுதான்: ஒன்று வாத்தியார் வேலை, இன்னொன்று என்னுடையது. அமெரிக்காவில் கால்பந்து என்ற பெயரில் கையால் ஒரு ஆட்டம் ஆடுகிறார்கள். அதில் பந்தை வாங்கி, யாருக்கு எறிவது என்று கண்மூடித் திறப்பதற்குள் முடிவு செய்கிறவன் குவார்ட்டர்பேக். கல்லூரியில் நன்றாக ஆடுகிற பையன்களைப் பெரிய அணிகள் வருஷம் ஒருமுறை முறை வைத்துப் பொறுக்கி எடுக்கின்றன. அதற்கு டிராஃப்ட் என்று பெயர். எடுப்பதற்கு முன், ஒவ்வொரு பையனும் எறிந்த ஒவ்வொரு எறியையும் யாராவது உட்கார்ந்து பார்க்க வேண்டும். எத்தனை எட்டு பின்னால் போனான், எங்கே பார்த்தான், பந்து எங்கே விழுந்தது என்று கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். அந்த யாராவதுதான் நான். மதுரையில் உள்ள ஒரு கம்பெனி வழியாக அந்த வேலை மலையேறி, கொடைக்கானல் நாயுடுபுரத்தில் என் சாப்பாட்டு மேஜைவரை வந்துவிட்டது. வீட்டிலிருந்தபடியே வேலை என்ற ஆசை வார்த்தையை நம்பி, வீட்டு வேலையும் குறையாமல் ஆபீஸ் வேலையும் குறையாமல் தவிக்கிற சகோதரிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஃபிரிட்ஜில் முட்டை இருக்கிறது என்று அருளிடம் திரும்பாமலே சொன்னேன். அவர் நகரவில்லை. சுற்றுலா வேன் ஓட்டுகிறவர், வாடகைச் சவாரி வேறு காத்துக்கொண்டிருந்தது. சட்டியைக் கீழே வைக்காமலே திரையை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“முட்டைய நான் பொரிச்சுக்கிறேன். அவன் எறிஞ்சானா இல்லியா, அத மொதல்ல சொல்லு.”

பார்க்காமல் இருக்கும் திறமை

என் கூட்டாளி சரசு. வில்பட்டியில் பூண்டும் பீட்ரூட்டும் போடுகிற குடும்பத்து மருமகள், பி.எஸ்ஸி. படித்தவள். அவள் வீட்டில் சிக்னல் வருவதும் ஒன்று, வராததும் ஒன்று என்பதால் காலை பஸ் பிடித்து என் வீட்டுக்கு வந்துவிடுவாள். ஒரே எறியை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், கலந்து பேசக் கூடாது என்பது சட்டம். ஆகவே மேஜையின் அந்த முனையில் அவள், இந்த முனையில் நான், நடுவில் மதில் சுவராக ரொட்டி டப்பாவும் ஊறுகாய் பாட்டிலும்.

எங்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்தவர் வால்ட்டர். அமெரிக்காவில் அந்தக் காலத்தில் பயிற்சியாளராக இருந்தவராம்; கணினித் திரையில் மாதம் ஒருமுறை தலை காட்டுவார். அவர் ஒரு ஆட்டத்தை மெதுவாக ஓட்டிக் காட்டினார். பையன் பந்தை வாங்கினான். பின்னால் போனான். வலப்பக்கம் பார்த்தான், அவனைத் தடுக்க நின்றவர்களும் வலப்பக்கம் சாய்ந்தார்கள். அவன் தலை வலப்பக்கமே இருக்க, பந்து இடப்பக்கம் போனது. அங்கே ஆள் இல்லை. பந்து பாதி தூரம் போன பிறகு ஓர் ஆள் ஓடிவந்து, வீட்டுக்கு வந்த தபாலை வாங்குவதுபோல வாங்கிக்கொண்டான். எனக்குக் கையில் மயிர் சிலிர்த்துவிட்டது. கான்வென்டில் பன்னிரண்டு வகுப்பு படித்தேன், ஐரோப்பிய ஓவியம்வரை சொல்லிக்கொடுத்தார்கள், இப்படி ஒன்று உலகத்தில் நடக்கிறது என்று ஒரு சிஸ்டரும் சொல்லவில்லையே.

இவ்வளவு பேர் மிதிக்க வரும்போது அவர்களை ஒருதடவைகூடத் திரும்பிப் பார்க்க மாட்டானா, பயமே கிடையாதா என்று கேட்டேன். வால்ட்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே ஆங்கிலத்தில் சொன்னது, நம் பேச்சில் இதுதான்:

“பயம் எல்லாருக்கும் உண்டு, மேடம். அவங்களப் பார்த்துட்டான்னா அவன் முடிஞ்சான். பார்க்காம இருக்கறதுக்குத்தான் இத்தனை வருஷப் பயிற்சி.”

காலைத் தூக்கியவன்

வேலை தொடங்கிய புதிதில் ஒரு பையனைப் பற்றி எனக்கும் சரசுவுக்கும் அபூர்வமான ஒற்றுமை. பந்து அவன் கைக்கு வருவதற்கு முன்னால் ஒரு காலைத் தூக்கித் தூக்கி வைப்பான். கோழி ஈரத்தில் நிற்பதுபோல. சில ஆட்டங்களில் தூக்குவதே இல்லை. சில ஆட்டங்களில் ஒவ்வொரு தடவையும். நான் ‘பதற்றம்’ என்ற கட்டத்தில் குறியிட்டேன். சரசு ‘நிலைகொள்ளாமை’ என்று குறியிட்டாள். பாவம், பெரிய கூட்டத்தைப் பார்த்தால் பிள்ளைக்கு நடுக்கம் வந்துவிடுகிறது என்று, கணக்கை அனுப்பி முடித்த பிறகு இடைவேளையில் இரண்டு பேரும் உச்சுக்கொட்டிக்கொண்டோம்.

மதுரையிலிருந்து சூப்பர்வைசர் பிரவீன் போன் போட்டு, ஒரு மூச்சில் கத்தி முடித்தார். எதிரணி ஊரில் ஆடும்போது கூட்டம் போடுகிற கூச்சலில் பையன் வாயால் சொல்வது பந்து கொடுக்கிறவனுக்குக் கேட்காது. காலைத் தூக்கினால் ‘கொடு’ என்று சைகை. நடுக்கமும் இல்லை, நரம்புக் கோளாறும் இல்லை. ஆயிரமாயிரம் பேர் காதைக் கிழிக்கிற இடத்தில் நின்று ஒருத்தன் ஒரு காலை மட்டும் அசைத்துப் பத்துப் பேரை ஓட வைக்கிறான். நாங்கள் அவனுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். முழுவதையும் திருத்தச் சொன்னார்கள். திருத்திக்கொண்டிருக்கும்போது அருள் வந்து விஷயம் கேட்டார். சொன்னேன். ரொம்ப நேரம் சிரித்தார்.

“பஸ்ஸு தகரத்தக் கண்டக்டர் ரெண்டு தட்டு தட்டுனா, பஸ்ஸு மேல அவருக்குக் கோவம்னு எழுதுவீகளாக்கும்?”

அம்மாவுக்குக் கட்டம் இல்லை

பையன்களின் பெயர் எங்களுக்குத் தெரியாது. பேரும் புகழும் தெரிந்தால் பார்க்கிற கண் பொய் சொல்லுமாம். அதனால் படத்திலிருந்து நிறத்தை உறிஞ்சிவிட்டு, கல்லூரிச் சின்னத்தை மங்கவைத்து, சட்டையில் கம்பெனியே ஒரு எண்ணை ஒட்டி அனுப்பும். முகம் தலைக்கவசத்துக்குள். வெளியே தேடிப் பார்க்க மாட்டோம், வேலை முடிந்த பிறகும் தேட மாட்டோம் என்று கையெழுத்து வேறு வாங்கியிருக்கிறார்கள். ஒரு தட்டு தட்டினால் போனில் வந்துவிடுமே அக்கா என்று சரசு ஒருநாள் சுரண்டிப் பார்த்தாள். கையெழுத்துப் போட்டால் போட்டதுதான் என்று ஒரே பார்வையில் அடக்கிவிட்டேன்.

அப்படி வந்தவன்தான் பதினேழாம் நம்பர். எறிவதற்கு முன் வலது கை விரல்களைத் தொடையில் ஒருமுறை தேய்த்துக்கொள்வான். அதுதான் எங்களுக்கு அவன் முகம். ஒரு ஆட்டத்தில் அவன் அல்வாத் துண்டுபோல நெஞ்சுக்கு நேராகக் கொடுத்த பந்தைக் கூட்டாளி நழுவவிட்டான். தோற்றிருக்க வேண்டாத ஆட்டம், தோற்றது. நானாக இருந்தால் அங்கேயே வைத்து நாலு வார்த்தை கேட்டிருப்பேன். இவன் மைதானம் முழுக்க ஓடிப்போய், குப்புறக் கிடந்தவனைத் தூக்கி நிறுத்தி, அவன் தலைக்கவசத்தில் தன் கவசத்தை முட்டி ஏதோ சொன்னான். கீழே குறிப்பு எழுதும் இடத்தில், இவன் அம்மா இவனை நன்றாக வளர்த்திருக்கிறாள் என்று நல்ல ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன். அரைமணி நேரத்தில் பிரவீனிடமிருந்து போன். குரலில் தேன்.

“நல்லா இருக்குங்க மேடம், ஆனா இதுல அம்மாவுக்குக் கட்டம் இல்லீங்க.”

மழையில் ஒரு எறி

அங்கே மழை, இங்கேயும் மழை. மலையிலிருந்து இறங்கின மஞ்சு, அதான் மூடுபனி, ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றது. பகல் பொழுதிலேயே லைட் போட்டிருந்தோம். திரையில் பதினேழு பின்னால் போகிறான். இடப்பக்கத்துத் தடுப்பு உடைந்து ஒருத்தன் இடுப்பைப் பிடித்துவிட்டான். இன்னொருத்தன் காலைப் பிடித்துவிட்டான். சாய்கிறான். இதற்குமேல் என்ன இருக்கிறது என்று என் விரல் ‘விழுந்தான்’ கட்டத்துக்குப் போய்விட்டது. உடம்பு கிட்டத்தட்ட தரைக்குப் படுத்துவிட்ட நிலையில், கை மட்டும் தனியாக, அந்த உடம்புக்குச் சம்பந்தமே இல்லாததுபோல மேலே எழுந்தது. பந்து போனது. மழையைக் கிழித்துக்கொண்டு, மூன்று பேர் தலைக்கு மேலே, நாலாவது ஆளின் கைக்குள். அவன் கை நீட்டக்கூட வேண்டியிருக்கவில்லை.

நான் எழுந்து நின்றுவிட்டேன். ரொட்டி டப்பாவுக்கு அந்தப் பக்கம் சரசுவும் நின்றுகொண்டிருந்தாள், கோயிலில் திரை விலகினதுபோலக் கை குவிந்திருந்தது. பேசக் கூடாது என்ற சட்டத்தை இரண்டு பேரும் காப்பாற்றினோம். அருளைக் கூப்பிட்டுத் திரும்ப ஓட்டிக் காட்டினேன். எதற்கும் ஒரு நக்கல் வைத்திருக்கிற மனுஷன், அன்றைக்கு மறுபடி போடு என்றார். அதற்குப் பிறகும் மறுபடி போடு என்றார். கடைசியில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

“மஞ்சுக்குள்ள கொண்டை ஊசி வளைவுல வண்டிய ஒடிக்கும்போது கண்ணு ஒண்ணும் பாக்காது, பிலோ, கைக்குத்தான் தெரியும். இருவது வருஷம் ஓட்டுனதுக்கப்புறம் எனக்கு வந்தது, இந்தப் பயலுக்கு எப்ப வந்துச்சு?”

இடது கால்

அதற்குப் பிந்தின ஒரு ஆட்டத்தில் அவனைப் பக்கவாட்டில் வந்து ஒருத்தன் மோதினான். மோதலின் சத்தம் வீடியோவில் இல்லை, எனக்குக் கேட்டது. எழுந்தான். தொடையில் விரலைத் தேய்த்தான். ஆடி முடித்தான். அடுத்த ஆட்டம் வந்தபோதுதான் ஏதோ உறுத்தியது. எறியும்போது இடது காலை முன்னால் ஊன்ற வேண்டும், முழுப் பாதமும் பதிய. பதினேழு அப்படித்தான் ஊன்றுவான், குத்துக்கல் நட்டதுபோல. இப்போது ஊன்றுகிற எட்டு குறுகிப்போயிருந்தது. குதிகால் தரையில் படுகிறதா இல்லையா என்ற சந்தேகம். பந்து ஒரு சாண் உயரமாகப் போகிறது. யாராவது தன்னைப் பார்க்கிற நேரத்தில் நேராக நடக்கிறான். பார்க்காத நேரத்தில் ஓரத்தில் போய் ஒரு காலில் நிற்கிறான். மறைக்கிறான். என் மகன் பள்ளிக்கூடத்தில் கீழே விழுந்துவிட்டு வந்து, பேன்ட்டைக் கழற்றாமல் சாப்பிட உட்கார்ந்த நாள் எனக்குத் தெரியாதா?

‘காயத்தின் அறிகுறி’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. குறியிட்டால், பெரிய அணிகள் அந்தப் பையனைக் கீழே தள்ளிவிடலாம், எடுக்காமலே விட்டுவிடலாம். பிள்ளைகள் காத்திருப்பதே அந்த ஒரு நாளுக்காகத்தான். குறியிடாவிட்டால், அதே காலோடு இன்னும் பெரிய ஆட்கள் நடுவில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். அன்று மத்தியானம் அந்தக் காலைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். சாயங்காலம் குறியிட்டேன். சரசு குறியிடவில்லை. இரண்டு பேர் கணக்கு ஒத்துப்போகாவிட்டால் மூன்றாவது ஆளுக்குப் போகும் என்பதால், யார் எதை எழுதினோம் என்று பிரவீன் இரண்டு பேரையும் சேர்த்துக் கேட்டார். போனை வைத்ததும் சரசு ஊறுகாய் பாட்டிலை நகர்த்திவிட்டு என்னை நேராகப் பார்த்தாள். அவளும் பார்த்திருக்கிறாள், அந்தக் காலை. பார்த்துவிட்டுத்தான் விட்டிருக்கிறாள்.

மலைப்பூண்டை உரிக்காமல் தரம் பிரிக்கிற ஊர்க்காரி, சொத்தையை மூட்டையில் விடமாட்டாளே என்று கேட்டேன். பூண்டுக்கு ஆசை கிடையாது அக்கா என்றாள். உங்க மகனா இருந்தா எழுதியிருப்பீங்களா என்றாள். மகனாக இருந்தால் எழுதியிருக்க மாட்டேன், காலில் கட்டுப் போட்டு வீட்டில் உட்கார வைத்திருப்பேன் என்றேன். அவள் பையை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

“அப்ப அவன உக்கார வைக்க அங்க யாரு இருக்கா, அக்கா?”

திரைக்கு வராதது

சரசு வேலைக்கு வந்தாள், பேச்சை மட்டும் வில்பட்டியிலேயே விட்டுவிட்டு வந்தாள். காபி கொடுத்தால் குடிப்பாள். டம்ளரைக் கழுவி வைப்பாள். எனக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும், ஆனால் வாயை மூடிக்கொள்கிறவர்களோடு சண்டை போட எனக்குத் தெரியாது. மாதக் கூட்டத்தில் வால்ட்டர் வந்ததும், எல்லாரும் கேட்கவே, பதினேழாம் நம்பரின் கால் என்ன ஆயிற்று, மூன்றாவது ஆள் என்ன சொன்னார், டாக்டர் யாராவது பார்த்தார்களா என்று வரிசையாகக் கேட்டேன். பிரவீன் தன் சதுரத்துக்குள் இருமினார். மதர் சுப்பீரியரையே கேள்வி கேட்டவள் நான், இருமலுக்கு அஞ்சுவேனா?

வால்ட்டர் கோபப்படவில்லை. தன் காலத்திலும் இப்படி ஒரு பையனின் முட்டியைப் பற்றி எழுதிக் கொடுத்ததாகவும், அப்புறம் பல ராத்திரி தூக்கம் பிடிக்காமல் கிடந்ததாகவும் சொன்னார். அந்தப் பையன் என்ன ஆனான் என்று அவர் சொல்லவில்லை. சரசு தலையைத் தூக்கித் திரையைப் பார்த்தாள். வால்ட்டர் என்னிடம் சொல்லி முடித்தார்:

“நீங்க பார்த்ததச் சொல்லிட்டீங்க, மேடம். அதுக்கப்புறம் நடக்கறது உங்க திரைக்கு வராது.”

கோட்டுப் போட்ட பையன்கள்

டிராஃப்ட் நடந்தது ஏப்ரல் கடைசியில். இங்கே சீசன், ஏரிப் பக்கம் வண்டி நகராது. அமெரிக்காவில் ராத்திரி என்றால் நமக்கு விடிகாலை. முதல் நாள் வெள்ளனே கதவு தட்டுகிற சத்தம். முதல் பஸ்ஸில் சரசு, கையில் ஒரு பை பட்டாணி. அருள் சவாரியைத் தள்ளிப்போட்டுவிட்டு, பால் இல்லாத டீயோடு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். முழு ஒளிபரப்பு எங்களுக்குக் கிடைக்கவில்லை. அருள் போனிலிருந்து டிவிக்குக் கொண்டுவந்தது துண்டு துண்டான படங்கள். பெயரைக் கூப்பிடுகிறார்கள், பையன் கட்டிப்பிடிக்கிறான், அழுகிறான், முடிந்தது. ஆட்டக் காட்சி ஒன்றும் இல்லை, ஆகவே என் கையெழுத்துக்கும் பங்கம் இல்லை.

முதல் பையன் மேடை ஏறியபோதுதான் எங்களுக்கு உறைத்தது. கோட்டு, டை, பளபளவென்று ஷூ. எல்லாம் கலரில். தலைக்கவசம் இல்லை. ஒவ்வொருத்தனுக்கும் கண், மூக்கு, சிரிப்பு. எங்கள் பிள்ளையின் தோள் எந்தக் கோணத்தில் திரும்பும் என்று தெரியும், மூச்சு வாங்கும்போது எந்தப் பக்கம் சாய்வான் என்று தெரியும். எதிரில் வந்து வணக்கம் சொன்னால் யார் தம்பி நீ என்றுதான் கேட்போம். ஒரு குவார்ட்டர்பேக் வந்தான். ரொம்ப உயரம், இவன் இல்லை என்றாள் சரசு. பல நாளைக்குப் பிறகு என்னிடம் அவள் பேசிய முதல் வார்த்தை. இன்னொருத்தன் இடது கையால் எழுதினான், அவனும் இல்லை. அன்றைக்கு அவ்வளவுதான்.

மறுநாள் விடிகாலையில் எடுக்கப்பட்ட பையன்கள் மேடைக்கு வரவில்லை. அவரவர் வீட்டு சோபாவில் இருந்தார்கள். மூன்றாவதாக ஒரு குவார்ட்டர்பேக். தடித்த ஓர் அம்மா அவன் தலையைத் தன் தோளோடு சேர்த்து அழுத்திக்கொண்டு, வீடே இடிகிற மாதிரி அழுகிறாள். பையன் போனைக் காதில் வைத்திருக்கிறான். வலது கை கீழே இறங்கி, விரல்களைத் தொடையில் தேய்த்தது. ஒரே ஒரு தடவை. சரசு என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தியது. அவன்தானா என்று அருள் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? அந்த நேரத்தில் எந்தப் பிள்ளைக்கும் கை வேர்க்கும், எந்தப் பிள்ளையும் துடைத்துக்கொள்ளும். நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. இடது காலைத் தேடினேன். கேமரா முழங்காலோடு நின்றுவிட்டது. சோபாவில் அப்படியே உட்கார்ந்திருந்தான், எழுந்திருக்கவில்லை. சந்தோஷத்தில் எழ மறந்தானா, எழ முடியவில்லையா?

எட்டிப் பார்த்தால் கால் தெரியும் என்பதுபோல டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். பின்னாலேயே சரசுவும் வந்தாள். “ஏலே தம்பி, ஒரே ஒரு தடவ எந்திரிச்சு, பந்து எறியப் போற மாதிரி நாலு எட்டுப் பின்னால போய்க் காட்டு” என்றேன். படம் முடிந்து, மறுபடி முதலிலிருந்து ஓடியது. அவன் மறுபடி சோபாவில் இருந்தான். ஒருத்தனின் முகம், பேர், ஊர் நீங்கலாக மற்ற எல்லாவற்றையும் தெரிந்துவைத்துக்கொண்டு விடிகாலையில் டிவியோடு பேசுவதற்குத்தான், சகோதரிகளே, கான்வென்டில் எனக்கு அவ்வளவு நல்ல ஆங்கிலம் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.